டெய்லர் பாய் திருத்திய கோடு

டெய்லர் பாய் கண்ணுக்குக் கோணலில்லாத பொருள் பூந்தமல்லியில் ஒன்றுகூடக் கிடையாது. மெட்ரோ தூண் சாய்ந்திருக்கிறது என்பார். டாக்டரிடம் நோயைச் சொல்வதற்கு முன், "இந்தக் காலரை யார் சார் தச்சது?" என்று விசாரிப்பார்.

சென்னீர்குப்பம் பக்கம் ஒரு மருத்துவமனையில் கதிர்வீச்சு சிகிச்சைக்குப் போனபோது பழக்கமானவர். அவருக்கு உணவுக்குழாயில் புற்றுநோய். எனக்கு நுரையீரலில், இதயத்தை ஒட்டி ஒரு கட்டி. மூச்சு விட்டால் கட்டியும் அசையும். அந்த அசைவைப் படமெடுக்கும் புது ஸ்கேனை அங்கே சோதித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சோதனைக்கு முதல் கையெழுத்து பாயுடையது. முடியாது என்று சொல்லத் தெரியாத நான் இரண்டாவது.

சட்டையில்லாமல் டெக்னீஷியன் பெண் முன்னால் படுத்ததும் எனக்கு மூச்சே வரவில்லை. வந்தபோது மொத்தமாக வந்தது. படம் குழம்பிவிட்டது. மறுநாளும் இப்படியென்றால் கதிரை அகலமாகத்தான் பாய்ச்ச வேண்டும், இதயத்திலும் படும் என்றார் டாக்டர்.

மறுநாள் உடை மாற்றும் அறையில், என் மார்பில் அவர்கள் போட்டிருந்த மைக்கோடுகளைப் பாய் உற்றுப் பார்த்தார். டேப்பை எடுத்தார்.

"ஒரு பக்கம் அரை இஞ்ச் ஏறிக்கீது நைனா. இன்னா வேலை செய்றாங்க?"

தன்னுடையதை வீட்டிலேயே திருத்திவிட்டாராம். நான் வாய் திறப்பதற்குள் என் கோட்டையும் ஈரத்துணியால் அழித்து, மார்க்கரால் நேராகப் போட்டுவிட்டார்.

டெக்னீஷியன் பெண் தலையில் கைவைத்துக்கொண்டாள். "பாய், இது சட்டை இல்ல. ஒடம்பு ரெண்டு பக்கமும் ஒரே அளவுன்னு யார் சொன்னது? மெஷின் இந்தக் கோட்டை வச்சுத்தான் குறி பாக்கும்."

பாய் டேப்பைச் சுருட்டிப் பைக்குள் வைத்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்: "இத்தினி வருசம் ஆளுக்குத் தக்கன துணியை வெட்னேன்மா. இன்னிக்கு ஆளையே வெட்டப் பாத்தேன்."

இருவருக்கும் கோடு போடுவதிலிருந்து மறுபடி ஆரம்பித்தார்கள். நான் படுத்தேன். மூச்சு பழையபடி அடைத்தது. திடீரென்று ஸ்பீக்கரில் பாய் குரல். வெளியே டெக்னீஷியனிடம் கெஞ்சி மைக்கை வாங்கியிருக்கிறார்.

"நைனா, தையல் மெஷின் மெதிக்கிறதா நெனச்சுக்கோ. மேல... கீழ... அவசரப்பட்டா நூல் அறுந்துடும்."

மேசையை விரலால் தட்டிக்கொண்டே இருந்தார். என் மூச்சு அந்தத் தட்டலோடு சேர்ந்துகொண்டது. புது ஸ்கேன் தெளிவாக வந்தது. இதயத்தில் அதிகம் படாமல் கதிரை ஒதுக்கித் திட்டம் போட முடியும் என்றார் டாக்டர்.

சிகிச்சையின்போதும் மூச்சு சீராக இருக்க வேண்டும். அதனால் தினமும் எனக்கு முன்பே பாய் வந்துவிடுவார். கக்கத்தில் ஃபைலோடு உட்கார்ந்திருப்பார். என் முறை வந்ததும் மைக்கைக் கேட்டு வாங்குவார்.

கடைசி நாளன்று டெக்னீஷியன் பெண் சொல்லித்தான் தெரிந்தது, பாயின் சிகிச்சை முடிந்து பத்து நாளாகிவிட்டதென்று.