ஜெர்மன்காரன் சொன்ன எண்ணெய்

"தப்பான எண்ணெய் ஒரு சொட்டு இந்த இன்ஜினுக்குள்ள போகணும்னா, மொதல்ல என் பொணம் இந்த வீட்ட வுட்டுப் போகணும்" என்று பக்தவச்சலம் சபதம் செய்தபோது, அவர் மனைவி சந்திரா பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். கடைசிப் பல்லையும் உரித்துப் போட்ட பிறகுதான் நிமிர்ந்து பார்த்தாள்.

"எண்ணெயப் பத்தி யாரு கேட்டா? அம்மாவ ஆஸ்பத்திரிக்கு இட்னு போகணும்னு சொன்னேன்."

"அதுக்குத்தான் பதில் சொல்றேன். வண்டில இருக்கற எண்ணெய் செத்துப் போச்சு. இதோட போனா, அவங்கள இட்னு திரும்பறப்ப பள்ளிகொண்டா தாண்டறதுக்குள்ள இன்ஜின் கட்டிக்கினு நின்னுடும். நடுரோட்ல உங்கம்மாவ எறக்கி வுட்டா பரவால்லயா?"

"சரியான எண்ணெய் ஊத்திட்டா?"

"கெடைச்சா ஊத்த மாட்டனா?"

சந்திராவின் அம்மா அமிர்தவள்ளிக்கு இரண்டு கண்ணிலும் புரை. பழுத்துவிட்டது, இனியும் தள்ளிப்போட்டால் பார்வைக்கு உத்தரவாதம் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். குடியாத்தத்தில் மகன் செந்தில்குமாரின் வீட்டில் சுவரைத் தடவித் தடவி நடந்துகொண்டிருந்தாள். செந்தில்குமாரிடம் நாலு பவர்லூமும் ஒரு மொபெட்டும் உண்டு. இரண்டிலும் அம்மாவை ஏற்றி வேலூர் வரமுடியாது. வாடகைக் கார் வைத்தால் ஆயிற்றே என்பீர்கள். வேலூர் பாகாயத்தில் தன் வீட்டு வாசலில் ஜெர்மன் கார் ஒன்றை நிறுத்திவிட்டு, அதை வாங்க இரண்டு வளையலையும் கழற்றிக் கொடுத்துவிட்டு, அம்மாவை வாடகைக் காரில் அழைத்துவர சந்திராவின் ரோஷம் ஒப்பவில்லை.

அந்தக் காரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கறுப்பு நிறம், பெட்ரோல் வண்டி. பக்தவச்சலம் வேலை செய்யும் ஆம்பூர் தோல் பதனிடும் ஷாப்பின் முதலாளி மகன் ஓட்டி, அலுத்து, வெளிநாடு போகும்போது தள்ளிவிட்டுப் போனது. பக்தவச்சலம் அதை வாங்கிய நாளிலிருந்து தெருவில் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "ஹலோ" என்பதோடு சரி.

ஷாப்பில் அவர் டிரம் செக்‌ஷன் சூப்பர்வைசர். தோலை மெத்தென்று ஆக்குவதற்காக டிரம்முக்குள் ஊற்றும் எண்ணெய்கள் அவர் பொறுப்பு. ஒரு சொட்டைக் கட்டைவிரலில் எடுத்து, ஆள்காட்டி விரலால் தேய்த்து, மூக்கருகே கொண்டுபோனால் போதும், அதன் ஜாதகத்தையே சொல்வார். முதலாளி பாயே அந்த மூக்கைக் கேட்டுத்தான் எண்ணெய் வாங்குவார். அப்படிப்பட்ட மூக்குக்கு ஒரு காருக்கு எண்ணெய் தேர்ந்தெடுக்கத் தெரியாமல் போகுமா? தெரியும். ஆனால் அவருக்குத் தெரிய விருப்பமில்லை.

காரணம் பழையது. கல்யாணமான புதிதில் அவர் குடியாத்தம் போனபோது மாமியார் அமிர்தவள்ளி வாசல் வரை வந்து வரவேற்றாள். அவர் உள்ளே வந்து உட்கார்ந்ததும் எழுந்து போய் ஊதுபத்தி கொளுத்திவைத்தாள். ஒன்றல்ல, ஒரு கொத்து. தோல் வாடை அடிக்கிறது என்று வாயால் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடச் சண்டை போட்டுத் தீர்த்திருப்பார். அந்தப் புகை பதினெட்டு வருஷமாக அவர் நெஞ்சை விட்டுப் போகவில்லை. ஆபரேஷன் என்று வந்தால் மாதக்கணக்கில் தன் வீட்டில்தான் தங்குவாள், மறுபடி ஊதுபத்திதான் என்று முடிவே கட்டிவிட்டார். தங்குவாளா என்று யாரையும் கேட்கவில்லை.

சந்திராவும் லேசுப்பட்டவள் இல்லை. ஆம்பூரிலேயே ஒரு ஷூ கம்பெனியில் செக்கிங் வேலை. அங்கே வாங்குபவன் ஜெர்மன்காரன். நூல் நம்பரில் ஓர் இலக்கம் மாறினால் மொத்தச் சரக்கையும் திருப்பிவிடுவான். "கிட்டத்தட்ட அதே மாதிரிதான்" என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. ராத்திரிச் சாப்பாட்டில் அவள் பெருமையாகச் சொன்ன கதைதான் இது. பக்தவச்சலம் அதையே எடுத்து அவளை அடித்தார்.

முதலில் அவள் சத்துவாச்சாரியில் ஒரு டப்பா வாங்கி வந்தாள்.

"கெட்டி சரியா இருக்கு. கார் கம்பெனி குடுத்த நம்பர் எங்க?"

மாற்றிக்கொண்டு வந்தாள்.

"இது பழைய நம்பர். போன மாடலுக்கு."

மறுபடி மாற்றினாள். இந்த முறை கண்ணாடி போட்டுக்கொண்டு டப்பாவைத் திருப்பித் திருப்பிப் படித்தார்.

"நம்பர் சரி. ஆனா இந்த நம்பருக்கு 'ஏத்தது'ன்னுதான் போட்டிருக்கான். 'அப்ரூவ்டு'ன்னு போடல. ஏத்ததுன்னு எவன் வேணா சொல்லிக்கலாம். உங்க கம்பெனில இத ஒத்துக்குவாங்களா, சொல்லு."

ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்பது சந்திராவுக்குத் தெரியும். பொய் சொல்கிறவன் கையில் ஒரு சரியான வாதம் கிடைத்துவிட்டால் அதைவிடக் கொடுமை வேறு இல்லை. அன்றோடு அவள் கேட்பதை விட்டுவிட்டாள்.

பக்தவச்சலம் தான் ஜெயித்துவிட்டதாக நினைத்தார். இரண்டு மாதம் வீட்டில் எண்ணெய்ப் பேச்சும் இல்லை, கண் பேச்சும் இல்லை. நிம்மதியாகத் தூங்கினார். அத்தைக்கு இப்போது எப்படி இருக்கிறது என்று ஒரு தரம்கூடக் கேட்கவில்லை. கேட்டால் கார் பேச்சு வந்துவிடும் என்ற பயம். அது பயம்கூட இல்லை, கல்நெஞ்சு. அதை வேறு எப்படிச் சொல்வது?

அவருடைய தோல் ஷாப்புக்கு ஜும்மா நாளான வெள்ளிக்கிழமை லீவு. அவளுடைய ஷூ கம்பெனிக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு. இருவரும் பகலில் சேர்ந்தாற்போல் வீட்டில் இருப்பதே அபூர்வம். ஆகவே ஒரு வெள்ளிக்கிழமை சந்திராவும் லீவு போட்டுவிட்டு வீட்டில் நின்றபோது அவருக்கு இலேசாக உறுத்தியது. பத்து மணிக்கு மைத்துனன் செந்தில்குமார் வந்தான். அவன் உட்கார்ந்ததும் சந்திரா இரண்டு எவர்சில்வர் டம்ளர்களைக் கொண்டுவந்து டீபாய்மேல் வைத்தாள். காபி என்று நினைத்துக் கையை நீட்டினார். எண்ணெய்.

"இன்னாடி இது?"

"இதுல எது நம்ம வண்டிக்கு ஆகும், எது ஆகாதுன்னு மோந்து சொல்லுங்க."

"டப்பா எங்க? நம்பர் பாக்கணும்."

"வுடுக்கா" என்றான் செந்தில்குமார். "மாமாவுக்குத் தோல் எண்ணெய்னா தெரியும். கார் எண்ணெய் இன்னா தெரியும், பாவம்."

அந்தப் பாவம்தான் உசுப்பிவிட்டது. எதைச் சொன்னாலும் பிறகு நம்பரைக் காட்டு என்று மறுத்துக்கொள்ளலாம் என்ற தெம்பும் இருந்தது. விரலை முதல் டம்ளரில் விட்டார். தேய்த்தார். மோந்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

"இது எண்ணெய். வழவழப்பப் பாரு. இத ஊத்தினா குடியாத்தம் இன்னா, டெல்லி வரைக்கும் போலாம்."

இரண்டாவது டம்ளர் தார்போலக் கறுத்திருந்தது. மோந்ததுமே முகம் சுளித்தார்.

"இது விஷம். இத அந்த வண்டில ஊத்தறவன் கைய ஒடைக்கணும்."

"நிச்சயமா?" என்றாள் சந்திரா.

"இத்தினி வருஷமா இந்த மூக்க வெச்சுத்தான் சோறு திங்கறோம்."

"சரி. அந்த விஷம், வண்டி வாங்கின அன்னிக்கு நீங்களே மோந்து பாத்து ஊத்தினது. தபரேஸ் எறக்கி வெச்சிருந்தாரு." தபரேஸ் முள்ளிப்பாளையத்தில் மெக்கானிக் ஷாப் வைத்திருப்பவர். "மொதல் டம்ளரு, காலைல நீங்க குளிக்கப் போனப்ப அவரே வந்து நம்ம வண்டில இருந்து உறிஞ்சிக் குடுத்தது. அது ரெண்டு மாசமா உள்ளதான் ஓடுது."

பக்தவச்சலம் கடைசி ஆயுதத்தை எடுத்தார். "நம்பர் பாத்தியா? அப்ரூவ்டா?"

"நீங்க சொன்னீங்களேன்னு அதையும் பாத்துத்தான் வாங்கினேன்."

"ஓடுதுன்னியே, யாரு ஓட்டினது?"

"நான்தான். ஞாயித்துக்கிழமைல நீங்க பஸ் ஏறி ஷாப்புக்குப் போனதும்."

கம்பெனித் தோழி மெர்சியோடு சேர்ந்து அவள் கார் கற்றுக்கொண்டு லைசென்ஸ் எடுத்தது அவருக்குத் தெரியும். ஆதார் போல அதுவும் ஓர் அட்டை என்று நினைத்திருந்தார்.

"ஞாயித்துக்கிழமையும் தொறக்கற கண்ணாஸ்பத்திரி ஒண்ணு இருக்கு மாமா" என்றான் செந்தில்குமார். "தை மாசம் ஒரு கண்ணு, மாசி மாசம் ஒரு கண்ணு. ரெண்டும் நல்லபடியா முடிஞ்சிடுச்சு."

பக்தவச்சலத்துக்குக் கோபம் வந்தது. அவமானம் அதைவிட ஜாஸ்தியாக வந்தது.

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

சந்திரா குரலை உயர்த்தவில்லை. "அம்மாக்குக் கண்ணு எப்டி இருக்குன்னு நீங்க ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். கேப்பீங்கன்னு ரெண்டு மாசமா காத்துனுதான் இருந்தேன்."

அவர் மனசின் அடியில் கிடந்த கவலை வாயை மீறி வந்துவிட்டது. "இப்ப தங்கறதுக்கு இங்கதான் வர்றாங்களா?"

"ஆபரேஷன் ஆன சாயங்காலமே குடியாத்தம் போய்ட்டாங்க. நான் வந்தா மாப்ளைக்குப் பேஜாரு, வாணாம்னு அவங்களேதான் சொன்னாங்க. இங்க தங்கணும்னு ஒரு நாளும் கேக்கல."

இரண்டு மாதமாகத் தான் யாரைத் தடுத்துக்கொண்டிருந்தோம் என்று பக்தவச்சலம் யோசித்தார். வராத ஒருத்தியை. அதற்காக ஒரு கிழவியின் கண்ணைப் பணயம் வைத்திருக்கிறோம் என்பது உறைத்தபோது அவருக்கே தன்மேல் கசந்தது.

அப்போது சமையல்கட்டிலிருந்து அமிர்தவள்ளி வந்தாள். சுவரைத் தொடவில்லை. மகனோடு வந்தவள், பின்வாசல் வழியாக உள்ளே போய் இருந்திருக்கிறாள்.

"வாங்க அத்தை" என்றார் பக்தவச்சலம், எழுந்து நின்று. "எதுல வந்தீங்க?"

"பஸ்சுலதான் மாப்ள. போர்ட நானே படிச்சு ஏறினேன்."

கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள். கிட்டே வந்து நின்று அவர் முகத்தை நெற்றியிலிருந்து தாடை வரைக்கும் நிதானமாகப் பார்த்தாள். மன்னிப்பாக ஏதாவது சொல்வாள், பதிலுக்குத் தானும் ஏதாவது சொல்லித் தப்பித்துவிடலாம் என்று அவர் காத்திருந்தார்.

"கட்டு பிரிச்சதும் மொதல்ல மாப்ள மொகத்தத்தான் பாக்கணும்னு சந்திராகிட்ட சொன்னேன்" என்றாள். "அவசரம் இல்லம்மா, அங்க பாக்கறதுக்கு ஒண்ணும் இல்லன்னுட்டா. இப்பதான் பாத்தேன். அவ சொன்னது சரிதான்."