பக்கத்து சீட்டுக்கு ஒரு பிரேக்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கு நாங்கள் இருவரும் நலம். அங்கு தாங்களும், தங்கள் துணைவியாரும், தங்கள் வீட்டில் வாழும் என் மகளும், அவளைப் பொறுத்துக்கொள்ளும் தங்கள் மகனும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் தேறிய பிறகு இந்தக் கடிதத்தைப் படிக்கவும். இது தெம்புள்ளவர்கள் படிக்க வேண்டிய கடிதம்.

போன கடிதத்தில் தாங்கள் "புதுக் கார் என்ன நிறம்?" என்று ஒரே ஒரு வரி கேட்டிருந்தீர்கள். நானும் ஒரே சொல்லில் பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அந்தக் காருக்கு வெள்ளையில் மட்டும் ஒன்பது இருக்கிறது. ஒன்பதுக்கும் ஒன்பது பெயர். ஒன்பதையும் வரிசையாக வைத்துக் காட்டினார்கள், எனக்கு ஒன்பதும் ஒரே வெள்ளையாகத்தான் தெரிந்தன. ஆகவே நிறத்தை விடுங்கள், நடந்ததைச் சொல்கிறேன்.

முப்பத்தொரு வருடம் நான் டிரைவிங் ஸ்கூல் நடத்தியதும், போன வருடம் அதை மூடியதும், போன மாதம் பயிற்சி மைதானத்தை விற்றதும் தாங்கள் அறிந்ததே. விற்ற அன்றைக்கு உங்கள் சம்பந்தியம்மா, அதாவது என் வீட்டம்மா, "இத்தனை வருஷமா அடுத்தவங்க கிளட்ச்ச தேய்க்கிறதப் பாத்துட்டு உட்கார்ந்திருந்தீங்க. ஒரு தடவையாவது உங்களுக்குப் பிடிச்ச வண்டிய வாங்குங்க" என்றாள். வாய் தவறிச் சொன்னாளோ என்னவோ, நான் மறுநாள் காலையிலேயே ஷோரூம் வாசலில் நின்றேன். நான் பார்த்து வைத்திருந்த கார் சாதாரணமானதல்ல. நின்ற இடத்திலிருந்து மூன்றரை விநாடியில் நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொடும். என் மாணவர்கள் முதல் கியரைத் தேடிக் கண்டுபிடிக்கும் நேரத்தில் அது அடுத்த ஊருக்குப் போய்விடும். சீட் மட்டும் இரண்டே இரண்டு. அந்த இரண்டைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

விற்பனையாளர் நல்ல மனிதர், கழுத்தில் டை, கையில் டேப்லெட். "ஓட்டிப் பாருங்க சார்" என்று கதவைத் திறந்தார். நானும் போய் உட்கார்ந்தேன், பக்கத்து சீட்டில். பழக்க தோஷம், வேறென்ன? ஓட்டுநர் சீட்டில் மாணவர், பக்கத்தில் நான் என்றே வாழ்க்கை ஓடிவிட்டது. காலையில் முதல் மாணவர் வீட்டுக்கு வந்து என்னை அழைத்துப் போவார், சாயங்காலம் கடைசி மாணவர் கொண்டுவந்து விடுவார், அதுதான் அவருக்கு அன்றைய பாடம். பெரிய வாடிக்கையாளர்கள் இப்படித்தான் போலும் என்று நினைத்து விற்பனையாளர் ஓட்டுநர் சீட்டில் ஏறினார். ஏறியவுடன் ஸ்டார்ட் பட்டனை அழுத்தப் போனார். என்னால் சும்மா இருக்க முடியுமா? "முதல்ல சீட்ட சரி பண்ணுங்க. அப்புறம் கண்ணாடி. அப்புறம் பெல்ட். என்ன அவசரம், வண்டி எங்கயும் ஓடிப்போயிடாது" என்றேன். அந்த வண்டி ஓடிப்போகிற வண்டி என்பது எனக்கு அடுத்த நிமிடம்தான் தெரிந்தது. முதல் திருப்பத்தில் என் கால் தானாகத் தரையை மிதித்தது. அங்கே பெடல் இல்லை. இரண்டாவது திருப்பத்திலும் மிதித்தேன். மூன்றாவதில் மிதித்த மிதியில் கீழே போட்டிருந்த விரிப்பு கிழிந்து என் ஷூ அதில் மாட்டிக்கொண்டது. இறங்கும்போது அவரிடம், "ஸ்டியரிங் பிடி பரவாயில்ல. இண்டிகேட்டர்தான் லேட்டா போடறீங்க. இன்னும் பத்து நாள் வாங்க" என்று சொல்லிவிட்டேன். பாவம், அவரும் கையைக் கட்டிக்கொண்டு "சரிங்க சார்" என்றார்.

அதன் பிறகுதான் பட்டியல் வந்தது. காரோடு கூடுதலாக என்னென்ன வேண்டும் என்று நாமே தேர்ந்தெடுக்க வேண்டுமாம். நாற்பத்தாறு பக்கம். "இதெல்லாம் காரோட வராதா?" என்று கேட்டேன். "கார் தனி, இதெல்லாம் தனி சார்" என்றார். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்களே, அதை அன்றைக்குக் கண்ணால் பார்த்தேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "யானை வாங்கறவங்க அங்குசத்துக்கு யோசிக்கலாமா சார்?" என்றார். யோசிக்கக் கூடாதுதான், ஆனால் அங்குசம் நாற்பத்தாறு பக்கத்துக்கு இருக்கும் என்று யார் கண்டது? சீட்டில் தையல் போடும் நூலுக்குப் பதினேழு நிறம். சீட் பெல்ட்டுக்கு எட்டு நிறம். சாவிக்குக் காரின் நிறத்திலேயே பெயின்ட் அடித்துத் தருவார்களாம். வேகத்தடை வந்தால் ஒரு பட்டனைத் தட்டியதும் காரின் மூக்கு மட்டும் மேலே எழும்புமாம், அது ஒன்றுதான் எனக்கு நியாயமாகப் பட்டது. புகைக்குழாய் கூடுதலாகச் சத்தம் போட ஒரு பக்கம் ஒதுக்கியிருந்தார்கள். சைலன்சரில் ஓட்டை என்று எத்தனை பேரின் வண்டியை நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன், இங்கே அந்த ஓட்டைக்குத் தனி விலை. எல்லாவற்றையும் தூக்கி அடித்தது 'எடைக் குறைப்பு'. கதவின் உள்பக்கக் கைப்பிடியை எடுத்துவிட்டு ஒரு நாடாவைத் தொங்கவிடுவார்கள், ரேடியோவை எடுத்துவிடுவார்கள், தரையில் சத்தம் தடுக்கும் மெத்தையை எடுத்துவிடுவார்கள், எடுத்ததற்கெல்லாம் நாம் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். "இன்னும் கொஞ்சம் கொடுத்தா வண்டியையே எடுத்துடுவீங்களா?" என்று கேட்டேன். அவர் டேப்லெட்டில் எதையோ குறித்துக்கொண்டார். எதைக் குறித்தார் என்று இன்றுவரை பயமாக இருக்கிறது.

தங்கள் மகனைக் குறை சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். நிதானமான பிள்ளை என்று நம்பி மாப்பிள்ளைக்குப் போன் போட்டு யோசனை கேட்டேன். "மாமா, எத விட்டாலும் லாஞ்ச் கன்ட்ரோல விட்டுடாதீங்க" என்றார். அது என்ன என்று விசாரித்தால், சிக்னலில் பச்சை விழுந்ததும் கார் வில்லிலிருந்து விட்ட அம்பு மாதிரி பாய்வதற்கான வசதியாம். சிக்னலில் பச்சை விழுந்தால் இரண்டு பக்கமும் பார்த்து, மூன்று எண்ணி, அப்புறம் கிளட்ச்சை விடு என்று பதினோராயிரம் பேருக்குச் சொல்லிக் கொடுத்தவனின் மகளை அந்தப் பிள்ளைக்குக் கொடுத்திருக்கிறேன்.

நான் தேடியது நாற்பத்தாறு பக்கத்திலும் இல்லை. திரும்ப ஒருமுறை முதலிலிருந்து புரட்டினேன், இல்லை. கடைசியில் வாய்விட்டே கேட்டேன்: "பக்கத்து சீட்டுக்கு ஒரு பிரேக் பெடல் வேணும்."

விற்பனையாளருக்குப் பேயறைந்தது போலாகிவிட்டது. "பக்கத்துல உட்கார்றவங்களுக்கு எதுக்கு சார் பிரேக்?"

"வேற எதுக்கு? மிதிக்கத்தான்."

தொழிற்சாலைக்கு எழுதிக் கேட்டார். ஒன்பது நாள் கழித்துப் பதில் வந்தது. இதுவரை யாரும் இப்படிக் கேட்டதில்லையாம். ஆனாலும் செய்து தருவார்களாம், ஒரு நிபந்தனை. காரைப் பயிற்சி வாகனமாகப் பதிவு செய்ய வேண்டும். கூரைமேல் மஞ்சள் பலகை, அதில் முன்னும் பின்னும் 'பயிற்சி வாகனம்' என்று எழுத்து, வேகம் நாற்பதைத் தாண்டாமல் பூட்டு. மூன்றரை விநாடியில் நூறைத் தொடும் காருக்கு நாற்பதில் பூட்டு. இதைப் படித்துக் காட்டும்போது விற்பனையாளரின் குரல் தழுதழுத்தது. எனக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. நான் நாற்பதைத் தாண்டியதே கிடையாது. "போடுங்க" என்றேன். அவர் பெருமூச்சு விட்டுவிட்டு, தொழிலில் அவருக்கு இருக்கும் பக்தியைப் பாருங்கள், "பலகை கார்பன் ஃபைபர்ல வேணுமா சார்?" என்று கேட்டார்.

சம்பந்தி, எல்லோரும் இதைப் பழக்க தோஷம் என்றே நினைக்கிறார்கள். யாரிடமும் சொல்லாததைத் தங்களிடம் சொல்கிறேன். அந்தப் பிரேக் எனக்கில்லை, என் வீட்டம்மாவுக்கு. கல்யாணமான மறு வருடம் அவளுக்கு நான் கார் ஓட்டக் கற்றுக் கொடுத்தேன். மூன்றே நாள். மூன்றாம் நாள் எங்கள் தெரு முனைக்குப் போவதற்குள் என் பக்கத்துப் பிரேக்கைப் பதினோரு முறை மிதித்தேன். நான் எண்ணவில்லை, அவள் எண்ணியிருக்கிறாள். பதினோராவதற்கு அப்புறம் வண்டியை ஓரம் கட்டி, நியூட்ரல் போட்டு, ஹேண்ட்பிரேக் இழுத்து, கண்ணாடியில் பின்னால் வண்டி வருகிறதா என்று பார்த்து, கதவைத் திறந்து இறங்கி வீட்டுக்கு நடந்தே போய்விட்டாள். அவ்வளவு கோபத்திலும் ஒரு தவறுகூட இல்லை. அன்றிலிருந்து இருபத்தொன்பது வருடம் என்னோடு எந்தக் காரில் வந்தாலும் பின் சீட்டில்தான். நான் முன்னால், அவள் பின்னால். எங்கள் வீட்டு வழக்கில் பாதி என் பக்கத்துக் கண்ணாடி வழியாகத்தான் பேசித் தீர்ந்திருக்கிறது. ஊருக்குத்தான் உபதேசம், சொந்தப் பெண்டாட்டியைப் பக்கத்தில் உட்கார வைக்க எனக்குத் துப்பில்லை. அதனால்தான் பின் சீட்டே இல்லாத காராகப் பார்த்தேன். நான் ஓட்டுகிறேன், அவள் பக்கத்தில் உட்காரட்டும். பிரேக் அவள் காலடியில் இருக்கட்டும். பதினோரு முறை என்ன, நூறு முறை என்னை நிறுத்தட்டும்.

இதை அவளிடம் சொல்ல எனக்கு நா எழவில்லை. இரண்டு சீட்டுக் கார் என்பதை மட்டும் சொன்னேன். காய்கறி நறுக்கிக்கொண்டிருந்தவள் தலை நிமிராமல், "அப்ப நான் பஸ்ல வந்துடறேன்" என்றாள்.

வருகிற வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குள் பட்டியலில் நான் கையெழுத்துப் போட்டாக வேண்டும், அதன் பிறகு ஒரு திருகாணியைக்கூட மாற்ற முடியாதாம். தாங்கள் பல் மருத்துவர். வாயைத் திறக்கச் சொல்லிவிட்டுப் பேசவிடாமல் வைத்திருக்கும் கலை தங்களுக்குக் கைவந்தது. இந்த வீட்டில் அவள் குறுக்கே பேசாமல் கேட்பது தங்கள் பேச்சை மட்டும்தான். வெள்ளிக்கிழமை மதியமே வந்து, அந்தக் காரில் என் பக்கத்தில் உட்காரும்படி ஒரு வார்த்தை சொல்லுங்கள். அவள் மாட்டேன் என்றால் ஆர்டரை ரத்து செய்துவிடுவேன். அவள் இல்லாமல் எனக்கு எதற்கு இரண்டு சீட்டு?

தங்கள் துணைவியாருக்கு என் வணக்கத்தையும், குழந்தைகளுக்கு என் ஆசிகளையும், தங்களிடம் வரும் நோயாளிகளுக்கு என் அனுதாபத்தையும் தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
தங்கள் வரவை எதிர்நோக்கி வாசலைப் பார்த்திருக்கும்,
சம்பந்தி.

பின்குறிப்பு: மேலே எழுதியதில் நலம் விசாரித்ததை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் அடித்துவிடவும். தாங்கள் வர வேண்டாம். கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு உறை வாங்கக் கடைக்குப் போனேன். திரும்பி வந்தால் அவள் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு இதைப் படித்துக்கொண்டிருக்கிறாள். கடைசிப் பக்கம்வரை படித்தாள். எழுந்து போய் அலமாரியைத் திறந்து ஒரு அட்டையைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். டிரைவிங் லைசென்ஸ். அவள் படம், அவள் பெயர். எடுத்து நான்கு வருடமாகிறது.

"யார் சொல்லிக் கொடுத்தது?" என்று கேட்டேன்.

"நம்ம ஸ்கூல்லதான். செவ்வாய்க்கிழமை நீங்க லைசென்ஸ் ஆபீசுக்குப் போயிடுவீங்கல்ல, அப்ப உங்க உதவியாளர் சொல்லிக் கொடுத்தாரு. பாரத்துல பயிற்சியாளர் கையெழுத்து உங்களோடதுதான்."

நாற்பது பாரத்தைக் கட்டாக நீட்டினால் யார் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறார்கள், சொல்லுங்கள்! ஆக, அந்தப் பதினோராயிரத்தில் அவளும் ஒருத்தி.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா பக்கத்துல வந்து உட்காருவீங்க." கடிதத்தை மடித்து மேசையில் வைத்தாள். "இவ்வளவு மனசுல இருக்குன்னு பல் டாக்டருக்கு எழுதத் தெரியுது. இங்க இருக்கறவகிட்ட வாயால சொல்ல என்ன? கிளம்புங்க."

நேராக ஷோரூமுக்குப் போனோம். விற்பனையாளர் கதவைத் திறந்தார். அவள் ஓட்டுநர் சீட்டில் ஏறினாள். சீட்டைச் சரி செய்தாள், கண்ணாடியைத் திருப்பினாள், பெல்ட்டைப் போட்டாள், அப்புறம்தான் பட்டனை அழுத்தினாள். நான் என் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தேன். இரண்டாவது தெரு தாண்டும்போதே பட்டியலை வாயால் சொல்ல ஆரம்பித்தாள், நான் எழுதிக்கொண்டு வந்தேன். பலகை வேண்டாம். பூட்டு வேண்டாம். பக்கத்துப் பிரேக் கண்டிப்பாக வேண்டாம். நூல் எந்த நிறமானாலும் சரி. மாப்பிள்ளை சொன்னதைப் போட்டுக்கொள்ளலாம். சத்தம் இருக்கட்டும், நன்றாக இருக்கிறது. சொல்லிக்கொண்டே புறவழிச் சாலையில் ஏறி எண்பதைத் தொட்டாள். நாற்பதுக்கு மேல் உலகம் எப்படி இருக்கும் என்று எனக்கு இத்தனை நாள் தெரியாது, சம்பந்தி.

"உங்களுக்கு ஏதாவது வேணுமா?" என்று கேட்டாள்.

எனக்கு என்ன வேண்டும்? இருபத்தொன்பது வருடத்துக்கு அப்புறம் கண்ணாடியைப் பார்க்காமல் பேசுகிறோம். கழுத்தைத் திருப்பினால் அவள் இருக்கிறாள். கண் கலங்கிவிட்டது, மறைக்கவும் இல்லை.

"ஒண்ணும் வேணாம்" என்றேன்.

"அப்ப தரையிலேர்ந்து கால எடுங்க" என்றாள்.

எடுத்தேன்.