எர்த்து மேஸ்திரியும் தம்மம்பட்டி மண்ணும்

சேலம் ஜில்லாவிலேயே மண்ணால் லாரி ஓட்டியவர் எங்கள் எர்த்து மேஸ்திரி ஒருவர்தான். பெட்ரோல் போடுவதெல்லாம் வண்டியின் மனத்திருப்திக்காக என்பது அவர் கட்சி. சொந்தப் பெயர் அவருக்கே நினைவிருந்ததா என்பது சந்தேகம்.

யுத்தத்துக்கு முந்தைய வருஷங்கள். ராசிபுரத்தில் ஒரு ஜவுளிக் கடையில் நான் குமாஸ்தா. கடைக்கு ஒரு கிழட்டுச் சின்ன லாரி இருந்தது. விளக்கைப் போட்டால் ஹாரன் முனகும். ஹாரனை அமுக்கினால் எஞ்சின் நின்றுவிடும். இந்த மாதிரி வியாதிகளுக்கு மேஸ்திரிதான் வைத்தியர். வண்டிக்கடியில் மல்லாந்து படுத்துக் கண்ணை மூடிக்கொள்வார். யோசிக்கிறாரா, தூங்குகிறாரா என்று யாராலும் சொல்ல முடியாது. அரைமணி கழித்துக் கனவிலிருந்து பேசுவதுபோல ஒரு குரல் வரும்: "எர்த்து இல்லீங்க."

இளம் வயதில் எந்தத் துரையிடமோ அந்தச் சொல்லைப் பிடித்திருக்கிறார். எர்த் என்றால் பூமி என்று யாரோ அர்த்தமும் சொல்லிவிட்டார்கள். அதற்கு மேல் அவருக்குப் பாடம் தேவைப்படவில்லை. வண்டி எந்த ஊருக்குப் போகிறதோ அந்த ஊர் மண் அதன் உடம்பில் பட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் பாட்டரி முகம் கொடுத்துப் பேசாது என்பார். பாட்டரியிலிருந்து இரும்புச் சட்டத்துக்கு வரும் கம்பியைக் கழற்றி, அந்த ஊர் மண்ணைத் தண்ணீரில் குழைத்து, சாக்குத் துணியால் அந்த இடத்தைத் தேய் தேய் என்று தேய்ப்பார். கம்பியை மறுபடி மாட்டினால் வண்டி கிளம்பிவிடும். தேய்த்ததில் துரு போயிற்று, விஷயம் அவ்வளவுதான்.

ஒருநாள் என் மேதாவிலாசத்தைக் காட்டினேன். "எர்த்துன்னா மண்ணில்லைங்க மேஸ்திரி. வண்டியோட இரும்புங்க."

"இரும்பு எதுலிருந்துங்க வந்துச்சு?" என்று சாவதானமாகக் கேட்டார். மண்ணிலேயே இரும்பு கிடக்கும் கஞ்சமலைக்குப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவன் நான்.

மேச்சேரி ஆட்டு வியாபாரி ஒருவரின் லாரியில் ஹாரன் ஓயாமல் அலறிக்கொண்டிருந்தது. மேஸ்திரி மேச்சேரி மண்ணைத் தேய்த்து அதன் வாயை அடைத்தார். மறுநாளே வியாபாரி திரும்பி வந்தார். அந்த அலறலைக் கேட்டு ஏறிப் பழகிய ஆடுகள் இப்போது ஒன்றுகூட ஏற மாட்டேன் என்கின்றனவாம். பழையபடி கெடுத்துக் கொடுக்க வேண்டுமாம்.

இப்படி ஐம்பது ஊர் மண் ஐம்பது சுருக்குப் பைகளில் அவர் வீட்டு உத்தரத்தில் தொங்கியது. ஒருநாள் மத்தியானம் ஒரு பை அறுந்து நேராகச் சோற்றுப் பானையில் விழுந்தது. "என் சோத்துல மண்ணள்ளிப் போட்டுட்டீங்க" என்று சொல்லிவிட்டு, அவர் மனைவி தம்மம்பட்டியில் இருந்த அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். அவள் சொன்னதில் ஒரு எழுத்துக்கூட மிகையில்லை.

இரண்டு வருஷம் ஓடியது. தம்மம்பட்டியிலிருந்து வரும் டிரைவர்களிடம் மேஸ்திரி ஒன்றே ஒன்றுதான் கேட்பார்: அங்கே மழை பெய்ததா என்று.

பிறகு அண்ணனிடமிருந்து ஆள் வந்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமை நாலரை மணி ராகு காலத்துக்கு முன்னால், கையில் மண்ணில்லாமல் வந்து அழைத்தால் அனுப்பி வைப்பார்களாம். தவறினால் இனி அந்தப் பேச்சே வேண்டாமாம்.

எங்கள் சின்ன லாரியிலேயே புறப்பட்டோம். டிரைவர் செங்கோடன் ஓட்டினான். சமாதானம் பேச நான். மேஸ்திரி வெளுத்த வேட்டி கட்டி, மாப்பிள்ளை மாதிரி நடுவில் உட்கார்ந்திருந்தார். வெயில் சோளக்காட்டின் மேல் அசையாமல் கிடந்தது. கொல்லிமலை கூடவே வருவதுபோல் இருந்தது. மங்களபுரம் தாண்டியதும் எஞ்சின் ஒருமுறை இருமி நின்றது.

மேஸ்திரி வேட்டியோடு அடியில் போய்ப் படுத்தார். மணி மூன்றைத் தாண்டியது. நான் குனிந்து பார்த்தேன். மனிதர் கண்ணைத் திறந்து வைத்திருந்தார். அப்படி நான் பார்த்ததே இல்லை, எனக்குப் பயமாகிவிட்டது.

மெல்ல மடியை அவிழ்த்து ஒரு சின்னப் பையை எடுத்தார். "அவ ஊட்டு வாசல் மண்ணுங்க. கண்ணாலத்தன்னிக்கு எடுத்தது. இத மட்டும் எந்த வண்டிக்கும் தொட்டதில்லீங்க."

கொண்டுவரக் கூடாது என்று சொல்லியும் கொண்டுவந்திருக்கிறார். நான் போய்த் தண்ணீர் எடுத்துவந்து கொடுத்தேன். பை முழுவதையும் குழைத்துத் தேய்த்தார். வண்டி கிளம்பியது.

நாலரைக்குச் சற்று முன்னால் போய் இறங்கினோம். தலையிலிருந்து கால்வரை மேஸ்திரி ஒரே சேறு. வாசலில் அண்ணன் நின்றார். அவருக்குப் பின்னால் அவள். நான் மனப்பாடம் செய்திருந்த சமாதானப் பேச்சு மொத்தமும் மறந்துபோயிற்று.

"மாப்பள, கையில மண்ணில்லாமதான வரச் சொன்னம்?" என்றார் அண்ணன்.

மேஸ்திரி தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். "உங்க வாசல் மண்ணுதானுங்க. திருப்பிக் குடுக்க வந்தனுங்க."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்ததை நான் பார்த்தேன். "மொதல்ல போயி மேலுக்குத் தண்ணி ஊத்திக்கங்க. அதுக்குள்ளார துணிமணிய எடுத்து வெச்சுக்கறேன்" என்று சொல்லி உள்ளே போனாள்.

திரும்புகையில் அவள் தோளில் சாய்ந்து மேஸ்திரி தூங்கிக்கொண்டு வந்தார். வண்டி எங்கும் நின்று அவரை எழுப்பிவிடக் கூடாதே என்று ராசிபுரம் வரும்வரை நான் வேண்டிக்கொண்டே வந்தேன். அந்த மனிதர்மேல் எனக்கு அவ்வளவு பிரியம்.