குளியலறையில் ஒரு சாட்சி

பயந்தவர்கள் எல்லாரும் ஓடி ஒளிந்துகொள்வார்கள் என்று நினைக்காதீர்கள். சிலர் பயந்தால் நேராக வக்கீலிடம் போவார்கள். நான் அந்த ரகம்.

பிரேசர் டவுன் கடைகளில் மகாராஜா படத்துக்குப் பக்கத்தில் காந்தி படத்தையும் மாட்ட ஆரம்பித்திருந்த காலம். நான் அங்கே பள்ளி ஆசிரியை. ஒரு ஞாயிற்றுக்கிழமை விருந்தில் பிரியாணி கொஞ்சம் அதிகமாகிவிட்டது (எத்தனை முறை போட்டுக்கொண்டேன் என்று கேட்காதீர்கள்). வயிறு உப்பி உட்கார முடியவில்லை. மகள் ரோசியை மூலைக்கடை கரீம் பாயிடம் கோலி சோடா வாங்கிவர அனுப்பினேன். இரண்டு பாட்டிலோடு வந்தாள். ஒன்றை மேசையில் வைத்தாள். மற்றது அவள் கையிலேயே வெடித்தது.

ஒரு சில்லு புருவத்தைக் கிழித்திருந்தது. தையல் போட்ட டாக்டர், "இன்னும் கொஞ்சம் கீழே பட்டிருந்தா கண்ணு போயிருக்கும்" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டார். என்னால் அந்த வாக்கியத்தை இன்றுவரை கழுவ முடியவில்லை.

அதைவிட என்னை அறுத்தது கரீம் பாயின் பேச்சுதான். "என் பாட்டில்ல கோளாறே கெடயாது டீச்சரம்மா. பாப்பா குலுக்கிக்கினே ஓடியாந்திருக்கும்" என்றார். தெருவே அதை நம்பியது. ரோசி கட்டுப்போட்ட முகத்தோடு என்னிடம் வந்து, "நான் குலுக்கலம்மா" என்றாள். கொஞ்சம் யோசித்து, "குலுக்கினேனாம்மா?" என்று என்னையே கேட்டாள்.

பிள்ளை தன்மேலேயே சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டது. எனக்குப் பணம் வேண்டாம். தப்பு பாட்டில்மேல்தான் என்று பாய் தன் வாயால் அவளிடம் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

என் வீட்டுக்காரரின் சிநேகிதர் ஒருவர் வக்கீல். அவர் பாய்க்கு நோட்டீஸ் அனுப்பினார். மிச்சமிருந்த பாட்டிலின் அடியில் மயிரிழை போல ஒரு விரிசல் இருப்பதைச் சொன்னதும் குதூகலமாகிவிட்டார். "அதான்மா நம்ம சாட்சி! அடுத்த ஞாயித்துக்கிழமை பாயையும் வரச் சொல்றேன். பாட்டிலை முன்னால வச்சிப் பேசலாம். அதுவரைக்கும் பத்திரம்."

பத்திரம் என்ற சொல்லை என்னிடம் யாரும் சொல்லக் கூடாது. பாட்டிலை ஈரச் சாக்கில் சுற்றி, குளியலறை மூலையில் வைத்து, மேலே பித்தளை அண்டாவைக் கவிழ்த்தேன். அந்த வாரம் முழுக்க வெந்நீர் போடத் தடை (சூடு ஆகாது). பாட்டுப் பாடிக்கொண்டு குளிக்கவும் தடை. என் வீட்டுக்காரர் தினமும் துண்டோடு கதவுக்கு வெளியே நின்று, "சாட்சி எழுந்திரிச்சாச்சா? நான் உள்ள போலாமா?" என்று கேட்பார். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, வேலை பார்க்கும் ஃபாக்டரியிலேயே குளித்துவிட்டு வர ஆரம்பித்தார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. வக்கீலுக்கு முன்னாலேயே கரீம் பாய் வந்துவிட்டார். வெயிலில் வேகமாக நடந்து வந்திருந்தார். நோட்டீஸைப் பார்த்த நாளிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லையாம். நாற்காலியில் உட்கார்ந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். முகமெல்லாம் வேர்வை.

"டீச்சரம்மா... வாயு... நெஞ்ச அடைக்குது... கொஞ்சம் சோடா..."

சோடாக்கடைக்காரர் சோடா கேட்கிறார்! ஆனால் அதைப் பார்த்துச் சிரிக்க எனக்கு நேரமில்லை. என் வீட்டு நாற்காலியில் ஒரு மனுஷர் செத்துப்போகப் போகிறார் என்பது மட்டும்தான் தெரிந்தது. குளியலறைக்கு ஓடினேன். அண்டாவைத் தூக்கி எறிந்தேன். சாக்கைப் பிடுங்கினேன். ஒரு வாரமாகக் கிட்டப் போகவே நடுங்கிய பாட்டிலை இடுக்கிக்கொண்டு கட்டைவிரலால் கோலியை அழுத்தினேன். உஸ்ஸென்று பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம். பாய் வாங்கி மடமடவென்று குடித்தார். பிறகு ஒரு ஏப்பம் விட்டார். அப்படி ஓர் ஏப்பத்தை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

அந்த ஏப்பம் அடங்குவதற்குள் வக்கீல் வாசலில் நின்றார்.

"எங்கம்மா சாட்சி?"

நான் பாயின் வயிற்றைக் காட்டினேன்.

"எதிராளிக்கே சாட்சியைக் குடிக்கக் குடுத்துட்டீங்களா!" என்று வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார். "இனிமே விசாரணைக்கு டாக்டரத்தான் கூப்பிடணும்" என்றார் என் வீட்டுக்காரர்.

பாய் இதையெல்லாம் கவனிக்கவில்லை. காலி பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். சட்டென்று எழுந்தார்.

"விரிசல் உட்ட பாட்டில்! இதையா கையில புடிச்சித் தெறந்தீங்க? புத்தி கித்தி இருக்குதா டீச்சரம்மா? வெடிச்சிருந்தா கண்ணு போயிருக்குமே! எந்த மடையன் கடையில வாங்கினீங்க?"

"உங்க கடையிலதான் பாய்."

திரைக்குப் பின்னால் ரோசி நின்றிருந்தாள். பாய் மெல்ல அவள் முன்னால் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"நீ குலுக்கல பாப்பா. பாட்டில்தான். என் பாட்டில்தான்."

"ஆனா நான் ஓடினேனே, பாய்."

"ஓடு. குதிச்சிக்கினேகூடப் போ. நல்ல பாட்டில் வெடிக்காது."

நான் எதைத் திறந்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது. ஒரு டம்ளர் தண்ணீரை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தேன். "அப்ப கேஸு?" என்று வக்கீல் பரிதாபமாகக் கேட்டார். "அது ஏப்பத்தோட போச்சு. வழக்கு தள்ளுபடி" என்றார் என் வீட்டுக்காரர்.

அதன் பிறகு கரீம் பாய் ஒவ்வொரு பாட்டிலையும் வெயிலில் பிடித்துப் பார்த்த பிறகுதான் சோடா நிரப்புவார். எங்கள் வீட்டிலோ, சாப்பாட்டில் யார் ஏப்பம் விட்டாலும் என் வீட்டுக்காரர் நீதிபதிக் குரலில் "வழக்கு தள்ளுபடி!" என்பது வழக்கமாகிவிட்டது.

போன மாதம் ரோசியைப் பெண் பார்க்க வந்தார்கள். புருவத் தழும்பை யாராவது கேட்டுவிடுவார்களோ என்று நான் காலையிலிருந்து செத்துக்கொண்டிருந்தேன். விருந்து முடிந்ததும் மாப்பிள்ளையின் அப்பா திருப்தியாக ஓர் ஏப்பம் விட்டார். "வழக்கு தள்ளுபடி!" என்றது ஒரு குரல். யார் குரல் என்று சொல்ல வேண்டியதில்லை.

எல்லாரும் விழித்தார்கள். ரோசிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. தழும்புப் புருவத்தைத் தானே விரலால் தொட்டுக் காட்டி, கதையை ஆரம்பித்தாள்:

"மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன். நான் குலுக்கல."