பறக்கிறவனுக்குத் தாகம் எடுக்காதா?

உலகத்தைக் காப்பாற்ற வானத்திலிருந்து குதிக்கிற வீரர்கள் அத்தனை பேருக்கும் திண்டுக்கல்லில் ஒரே ஓர் எதிரி இருந்தார். அவர் பெயர் 'அதெப்புடி'. பெற்றவர்கள் வைத்த பெயர் ஆஸ்பத்திரிச் சீட்டில் இருந்திருக்கும். நான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள். அடுத்தவர் சீட்டை எட்டிப் பார்க்கிற பழக்கமும் எனக்குக் கிடையாது.

நாங்கள் பழகியது ரத்தம் சுத்தம் செய்கிற அறையில். கிட்னி கைவிட்டவர்கள் செவ்வாயும் வெள்ளியும் அங்கே போய்ப் படுப்போம். ஒரு குழாயில் ரத்தம் மிஷினுக்குப் போகும், இன்னொரு குழாயில் திரும்பி வரும். முடிகிற வரைக்கும் கையை அசைக்கக் கூடாது. கொடைரோட்டுப் பக்கம் மல்லிகைத் தோட்டம் வைத்துப் பிள்ளைகளைக் கரையேற்றியவள் நான். யார் முன்னாலும் கை நீட்டியதில்லை. அங்கே வந்துதான் நீட்டினேன், ஊசிக்கு.

சுவரில் உயரமாக ஒரு டிவி. ரிமோட் எப்போதோ தொலைந்துவிட்டது, அதனால் ஒரே சானல். மத்தியானம் ஆனால் வெள்ளைக்கார வீரர்கள் தமிழ் பேசிக்கொண்டு பறப்பார்கள்.

முதல் நாள் ஒருவன் ஓடுகிற ரயிலை நெஞ்சைக் கொடுத்து நிறுத்தினான். நான் 'அப்பாடா' என்றேன். அடுத்த கட்டிலிலிருந்து ஒரு குரல் வந்தது.

"அதெப்புடி?"

திரும்பினேன். அகரத்துத் தென்னந்தோப்புக்காரர். ஆள் ஒல்லி, மீசை மட்டும் தடி.

"ரயிலு சட்டுனு நின்னா உள்ள இருக்க சனம் என்னக்கா ஆகும்? மேல் பெர்த்துல படுத்திருக்கவன் இஞ்சின்ல போயி விழுந்திருப்பான். இவன் காப்பாத்துனானா, கொன்னானா?"

"படம்தான தம்பி."

"படம்னா? இவன் நிக்கிறது மண்ணுல. ரயிலு மோதுன மோதுக்கு இடுப்பு வரைக்கும் உள்ள எறங்கியிருக்க வேணாமா? செருப்புகூட அறுகல!"

"அப்பா, பேசுனா பிரஷர் ஏறுது. சும்மா பாருங்க" என்றாள் நர்ஸ் ஸ்டெல்லா.

"சும்மா பாக்க முடியலையேம்மா!"

முகமூடி போட்டவன் வந்தால் இன்னும் மோசம். "தாடை தெரியுது, வாயி தெரியுது, கொரலு கேக்குது. பெத்த தாய்க்கு அடையாளம் தெரியலையாம்! மாஸ்க் மாட்டிக்கிட்டுப் போற என்னைய அகரம் பஸ்ல கண்டக்டர் பேரு சொல்லிக் கூப்புடுறான்."

ஒருநாள் வீரனின் உடுப்பைப் பிடித்துக்கொண்டார். "கழுத்துலருந்து கால் வரைக்கும் தோலோட தோலாத் தச்சிருக்கான். பித்தான் இல்ல, ஜிப்பு இல்ல. ஒண்ணுக்கு வந்தா என்னக்கா செய்வான்?"

அறையே சிரித்தது. சிரித்த சிரிப்பில் என் கையில் ஊசி இழுத்து வலித்தது. பிறகு அந்தச் சிரிப்பு கட்டில் கட்டிலாக அணைந்தது. அங்கே படுத்திருந்த எங்களில் பலருக்கு ஒண்ணுக்குப் போவதே நின்றுபோயிருந்தது.

அதனால்தான் எங்களுக்குத் தண்ணீர் எமன். குடித்தது வெளியேறாது. காலில் தங்கும், பிறகு நெஞ்சுக்கு ஏறும், அதோடு முடிந்தது. அதெப்புடிக்கு அவர் மனைவி ராசாத்தி ஒரு பாட்டிலில் அளந்து வைத்திருப்பாள். தோப்பு முழுவதுக்கும் மோட்டார் போட்டுப் பாய்ச்சுகிற மனுசர், தன் வாய்க்கு பாட்டில் மூடியில் ஊற்றிக் குடித்தார்.

பிறகு கவனித்தேன். எங்கே ஆரம்பித்தாலும் அவர் கேள்வி கடைசியில் தண்ணீரில் போய்த்தான் நிற்கும்.

"விடிஞ்சதுலருந்து சண்டை போடுறான். பாலைவனத்தத் தாண்டுறான். நெருப்புக்குள்ள பூந்து வாரான். ஒரு வாய் தண்ணி குடிச்சானா? எவனாச்சும் ஒருத்தன் ஒரு செம்பு தண்ணி குடிக்கட்டும், அன்னையிலருந்து நான் வாயத் தொறக்கல."

அவர் வாயை அடைப்பதற்காகவே நாங்கள் எல்லோரும் உற்றுப் பார்த்தோம். எவனும் குடிக்கவில்லை.

படுப்பதற்கு முன்னால் எடை பார்ப்பார்கள். கூடியிருந்தால் அது திருட்டுத்தனமாகக் குடித்த தண்ணீர், திட்டு விழும். ஒருநாள் அதெப்புடி சட்டையைக் கழற்றினார். கடிகாரத்தைக் கழற்றினார். அரைஞாண் கயிற்றில் கை வைத்ததும் ஸ்டெல்லா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கடைசியில் பல்செட்டையும் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு எடை மிஷின் மேல் ஏறி நின்றார்.

"அதெப்புடி தம்பி?" என்றேன். "வாயில இருந்தா கனம், கையில இருந்தா கனமில்லையா?"

பல்செட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பொக்கை வாயால் சிரித்தார்.

"படம்தானக்கா" என்றார்.

சித்திரை வந்தது. மின்விசிறியே அனலைத்தான் வாரி இறைத்தது. அன்றைய வீரன் மலையைக் கையால் நொறுக்குகிறவன். வில்லன் கொடுத்த ஒரு பழத்தைக் கடித்ததும் சுருண்டு விழுந்தான்.

"போங்கடா! மலைய நொறுக்குறவன் ஒத்தப் பழத்துல விழுவானா?"

குழாயைச் சரிசெய்துகொண்டே ஸ்டெல்லா சொன்னாள்: "உங்களுக்கும் அதே கததான்ப்பா. வாழப்பழம், இளநி எதுவும் ஆகாது. இளநில இருக்க பொட்டாசியம் உங்க உடம்புல தங்கிருச்சுன்னா இருதயத்தையே நிறுத்திரும்."

"அதெப்புடி? காய்ச்சக்காரனுக்கும் பிள்ளத்தாச்சிக்கும் அதத்தான குடுக்குறோம்? நான் வச்ச மரம், நான் பாய்ச்சுன தண்ணி. அது என்னையக் கொல்லுமா? படத்துலகூட வில்லன் இம்புட்டு நல்லவனா வரமாட்டான்மா."

நாங்கள் சிரித்தோம். ஸ்டெல்லா சிரிக்கவில்லை.

அடுத்த முறை போனபோது அவர் கட்டில் காலியாக இருந்தது. அதற்கடுத்த முறை ராசாத்தி வந்தாள், அங்கே கிடந்த அவருடைய போர்வையை வாங்கிப்போக. என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"தோப்புல காய் வெட்டு நடந்துச்சுக்கா. நான் வீட்ல அடுப்புல வெஞ்சனம் வச்சுக்கிட்டு இருந்தேன். வெட்டிப் போட்டதுல இளநியா எடுத்துச் சீவிக் குடிச்சிருக்காரு. ஒண்ணோட நிறுத்தல. 'வயிறு நெறஞ்சிருச்சு ராசாத்தி'ன்னு சிரிச்சுக்கிட்டே வந்தாரு. செத்த நேரத்துல நெஞ்சப் புடிச்சுக்கிட்டு உக்காந்தாரு. ஆட்டோ வாரதுக்குள்ள முடிஞ்சிருச்சு."

போர்வையை மடித்தாள். பிரித்தாள். மறுபடி மடித்தாள்.

"விஷத்தக் குடிச்சவுக மொகம் மாதிரியே இல்லக்கா. அம்புட்டு குளுந்து கெடந்தாரு. அதெப்புடிக்கா?"

ஊருக்கெல்லாம் கதையில் ஓட்டை பார்த்த மனுசர், தன் கதையில் பார்க்காமல் போய்விட்டார் என்று சொல்லலாம். நான் ஊசி குத்தாத கையால் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு படங்கள் எந்தத் தடையும் இல்லாமல் ஓடின. வீரர்கள் எப்படி வேண்டுமானாலும் பறந்தார்கள். கேட்க நாதியில்லை. அறையில் மிஷின் சத்தம் மட்டும்தான்.

போன வெள்ளிக்கிழமை ஒரு படம். ஊரையே இடித்துச் சண்டை போட்டு முடித்த வீரன் ஒரு வீட்டு அடுப்படிக்குள் நுழைந்தான். முகமூடியைக் கழற்றினான். குழாயைத் திறந்து, டம்ளர் நிறையத் தண்ணீர் பிடித்து, மடக் மடக்கென்று குடித்தான். அவன் தொண்டை ஏறி இறங்குவது பெரிதாகத் தெரிந்தது. கூடவே என் தொண்டையும் ஏறி இறங்கியது. மருந்து எடுத்துப் போன ஸ்டெல்லா நடு அறையில் நின்றுவிட்டாள். படுத்திருந்த எல்லோருடைய தலையும் ஒரே பக்கம் திரும்பியது.

அதெப்புடியின் கட்டிலுக்கு இன்னும் ஆள் போடவில்லை. விரிப்பு சுருக்கமில்லாமல் கிடந்தது.

"குடிச்சுட்டான் தம்பி" என்றேன். "பரவாயில்ல, நீ பேசு."