குற்றாலத்தில் ஒரு கூட்டம் கூட்டினேன்

கூட்டத்துக்கு ஆள் வராவிட்டால்தான் அவமானம் என்று பலரும் நினைக்கிறார்கள். நான் ஆள் நிறைய வந்ததால் அவமானப்பட்டவள்.

தென்காசியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். கடையில் நாள் முழுக்கப் பேசுவேன். மேடையில் ஏற்றினால் மட்டும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அதைச் சரிசெய்யத்தான் எங்கள் ஊர்ப் பேச்சுப் பயிற்சி மன்றத்தில் சேர்ந்தேன். ஞாயிறுதோறும் கூடுவோம். ஒருவர் பேசுவார், ஒருவர் நேரம் பார்ப்பார், ஒருவர் எழுந்து குறைநிறை சொல்வார். கேட்பதற்குத்தான் ஆள் இருக்காது. உறுப்பினர்களே பத்துப் பேர். (அதில் இரண்டு பேர் துபாய்க்குப் போய்விட்டார்கள். பெயரை மட்டும் நாங்கள் விடவில்லை.)

இப்படியே போனால் மன்றத்தைத் திருநெல்வேலியோடு இணைத்துவிடுவோம் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். ஒரு கூட்டத்தை நேரில் பார்த்து முடிவு சொல்ல மேற்பார்வையாளர் அம்மாள் ஒருவர் வருவதாக ஏற்பாடு. அந்தக் கூட்டத்தை நடத்தித் தலைமை தாங்கும் முறை என்னுடையது.

"குத்தாலத்துல வைப்போம். சீசன் நேரம், கூட்டம் தானா வரும்" என்றேன்.

"குளிக்க வாரவன் உன் பேச்சைக் கேக்கவா வருவான், ஏட்டி?" என்றார் என் கணவர் முருகேசன்.

அவர் அப்படிக் கேட்டதற்காகவே அங்கே வைத்தே தீருவது என்று முடிவு செய்தேன். ஐந்தருவி போகும் சாலையில் ஒரு விடுதியின் ஹாலைப் பிடித்தேன். 'அனைவரும் வருக, சிற்றுண்டி உண்டு' என்று வாட்ஸப்பில் விளம்பரம் போட்டேன். முருகேசனையே நேரம் பார்க்க உட்கார வைத்தேன். பச்சை அட்டை காட்டினால் நேரம் இருக்கிறது, மஞ்சள் என்றால் முடியப் போகிறது, சிவப்பு என்றால் வாயை மூட வேண்டும்.

அன்று காலை ஹாலில் உறுப்பினர்கள் நாங்கள், மேற்பார்வையாளர் அம்மாள், வரிசை வரிசையாகக் காலி நாற்காலிகள். அம்மாள் கடிகாரத்தைப் பார்த்தார். நான் வாசலைப் பார்த்தேன். வெளியே சாரல் திடீரென்று பெருமழையானது. பட்டுச்சேலையும் வெள்ளைவேட்டியுமாக ஒரு பெருங்கூட்டம் திமுதிமுவென்று உள்ளே வந்து நாற்காலிகளை நிரப்பியது. (பேச்சு கேட்க எதற்குப் பட்டுச்சேலை என்று ஒரு கணம் தோன்றியது. மன்றத்தின் மதிப்பு அப்படி என்று சமாதானம் செய்துகொண்டேன்.)

மைக்கைப் பிடித்தேன். "எங்கள் மன்றத்தின் புகழைக் கேள்விப்பட்டு, கொட்டும் மழையையும் பொருட்படுத்தாமல் வந்திருக்கும் பெருமக்களே..."

கைதட்டினார்கள்! அந்தச் சத்தத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. உறுப்பினர்களின் பேச்சைத் தள்ளிவைத்துவிட்டு, வந்தவர்களையே பேச வைக்கலாம் என்று முன்வரிசையில் இருந்த பெரியவரைக் கூப்பிட்டேன்.

"அண்ணாச்சி, நீங்க வாங்க. தலைப்பு: நான் காத்திருந்த நேரம். ரெண்டு நிமிசம்."

அவர் மைக்கை வாங்கினார். "நேரமா? காலையில இருந்து காத்துக்கிட்டுதான கெடக்கேன்! பேரனுக்குக் காது குத்தணும். தாய்மாமன் மடியில்லாம எப்படிக் குத்த? அந்தத் தொரை இன்னும் வரல. அருவியில குளிச்சுக்கிட்டுக் கெடக்கானாம்!"

என்ன இயல்பான நடை, என்ன கற்பனை என்று வியந்தேன். அதற்குள் இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் எழுந்தாள். "மாமா, எந்தம்பியப் பத்தி மைக்குல பேசாதீய!"

முன்வரிசையில் இருந்த வேறொரு அம்மாவிடம் குனிந்து, எங்கள் மன்றத்தைப் பற்றி எப்படிக் கேள்விப்பட்டீர்கள் என்று கேட்டேன்.

"எந்த மன்றம்? பக்கத்துல எங்க காதுகுத்துப் பந்தல்ல மழை ஊத்துது, இங்கன வந்தோம். நீ ஆரு?"

மேற்பார்வையாளர் அம்மாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். முருகேசன், யாரும் கேட்காமலே, எனக்குச் சிவப்பு அட்டையைத் தூக்கிக் காட்டினார்.

மன்னிப்புக் கேட்டு இறங்கியிருக்கலாம். ஆனால் சண்டையைக் கிளப்பியதே நான்தான். குழந்தையின் அப்பா வீட்டார் ஒரு பக்கம், அம்மா வீட்டார் மறுபக்கம் எழுந்துவிட்டார்கள். "இனி ஒங்க வாசலை மிதிக்க மாட்டோம்" என்று ஒரு குரல். குழந்தையின் அம்மா அழ, குழந்தையும் அழுதது. பெரியவரிடமிருந்து மைக்கைப் பிடுங்கினேன்.

"எல்லாரும் உக்காருங்க! இது கூட்டம். நான் தலைவர். முடிச்சுட்டேன்னு இன்னும் சொல்லல. ஆளுக்கு ரெண்டு நிமிசம். ஒருத்தர் பேசுனா மத்தவங்க கேக்கணும்."

உட்கார்ந்தார்கள். (மைக் என் கையில் இருந்தது. வேறு காரணம் எதுவும் இல்லை.)

குழந்தையின் அம்மா மூக்கைச் சிந்திக்கொண்டே மாமனாரைப் பற்றிப் பேசினாள். முருகேசன் பச்சை காட்டினார், மஞ்சள் காட்டினார், சிவப்பு காட்டினார். அவள் முடித்ததும், எங்கள் மன்றத்தில் குறைநிறை சொல்லும் அந்தோணி சார் பழக்கதோஷத்தில் எழுந்துவிட்டார். "உணர்ச்சி நல்லா இருந்துச்சு. 'கெழவன்'ங்கிற சொல்லை மட்டும் கொறைச்சிருக்கலாம்."

முதலில் சிரித்தவர் அந்தப் பெரியவர்தான். பிறகு இரண்டு பக்கமும் சிரித்தது.

அப்போது வாசலில் தலையிலும் மேலிலும் தண்ணீர் சொட்டச் சொட்ட ஒரு வாலிபன். அக்கா அழுகிறாள் என்று யாரோ அப்போதுதான் போன் போட்டிருக்கிறார்கள். "எங்கக்காவ அழவச்சது எவன்?" என்று பாய்ந்து வந்தான். அவன் கையில் மைக்கைத் திணித்தேன். "ரெண்டு நிமிசம்."

அவனுக்கும் என்னைப் போலவே நாக்கு ஒட்டிக்கொண்டது. பிறகு மெதுவாகச் சொன்னான்: "காதுகுத்துப் பத்திரிகையில எம்பேரைப் போடல. சரி, போன் போட்டாவது கூப்பிடுவாவன்னு பாத்தேன். அருவிக்கரையில ஈரத்தோட உக்காந்திருந்தேன். ஒருத்தரும் கூப்பிடல."

பெரியவர் என்னிடம் அனுமதி கேட்காமலே எழுந்து வந்தார்.

"மருமவனே, அச்சுல விட்டுப்போச்சு. நான் பாத்துட்டும் பேசாம இருந்துட்டேன். இப்ப எல்லாரு முன்னாலயும் மைக்குல கூப்பிடுதேன். வாங்கய்யா, வந்து பிள்ளைய மடியில வைங்க."

முருகேசன் மூன்று அட்டைகளையும் கீழே வைத்துவிட்டார்.

எங்கள் மேடையிலேயே காது குத்தினார்கள். குழந்தையின் அலறல் மைக்கில் ஐந்தருவி வரைக்கும் கேட்டிருக்கும். எங்கள் கேசரியை அவர்கள் தின்றார்கள். அவர்கள் விருந்தை நாங்கள் தின்றோம். கை கழுவும் இடத்தில் மேற்பார்வையாளர் அம்மாள் சொன்னார்: "உங்க உறுப்பினர் ஒருத்தர்கூட மேடையேறிப் பேசலை. விதிப்படி இது கூட்டமே இல்லை."

"அப்போ அடுத்த ஞாயிறு இன்னொண்ணு வைக்கேன். நீங்க வரணும் மேடம்" என்றேன்.

வந்தார். அன்று எல்லோரும் பேசினோம். அந்தத் தாய்மாமனும் நண்பர்களை இழுத்துக்கொண்டு வந்து உறுப்பினரானான். மன்றம் பிழைத்தது, எங்களிலேயே இப்போது நன்றாகப் பேசுகிறவன் அவன்தான்.

போன வருடம் அந்த வீட்டில் இரண்டாவது குழந்தைக்குக் காதுகுத்து. பத்திரிகை வந்தது. தாய்மாமன் பெயர், தெய்வத்தின் பெயரைவிடப் பெரிய எழுத்தில். அதற்குக் கீழே, 'விழாத் தலைமை: திருமதி தமயந்தி முருகேசன்'. முருகேசன் அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டிவிட்டார்.

இப்போதெல்லாம் நான் எந்த வீட்டு விசேஷத்துக்குச் சேலை கட்டினாலும் வாசலில் நின்றபடி கேட்கிறார்: "ஏட்டி, சாப்பிடப் போதியா, தலைமை தாங்கப் போதியா?"

அங்கே போய்ப் பார்த்தால்தான் தெரியும் என்று சொல்லிவிட்டுக் கிளம்புகிறேன்.