மனைவிக்குத் தலைவலி

“மேடம் வரலையா சார்?” என்று விடுதியின் வரவேற்பறைப் பெண் கேட்டதும், அவர் வாய் அவரைக் கேட்காமலேயே பதில் சொல்லிவிட்டது.

“பின்னாடி வர்றா.”

முப்பத்து மூன்று வருடம் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். டிக்கெட் இல்லாதவனை அவன் தொண்டைக்குழி ஏறி இறங்குவதைப் பார்த்தே பிடித்துவிடுவார். இப்போது ஏறி இறங்கியது அவருடைய தொண்டைக்குழி. மனைவி போய் நாலு மாதம் ஆகியிருந்தது.

கிறிஸ்துமஸுக்குக் கடற்கரையில் இரண்டு பேருக்கு அறை பதிவு செய்துவைத்ததே அவள்தான். பண்டிகைக் கூட்டம் என்று அவருக்கு எந்த டிசம்பரிலும் லீவு கிடைத்ததில்லை. ரிட்டயர் ஆனதும் போகலாம், ஆனதும் போகலாம் என்று காலத்தை ஓட்டிவிட்டார். கடைசியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு, “நான் இருந்தாலும் இல்லாட்டாலும் நீங்க போகணும்,” என்று கையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள். சத்தியத்தைக் காப்பாற்ற வந்துவிட்டார். ஆனால் அவள் செத்துப்போய்விட்டாள் என்று இதுவரை ஒருவரிடமும் அவர் வாயால் சொன்னதில்லை. சொந்தக்காரர்களுக்குச் சொன்னதெல்லாம் மச்சினன்தான். தான் சொல்லாதவரை அவள் எங்கேயோ இருக்கிறாள் என்று மனதுக்குள் ஒரு பைத்தியக்கார நினைப்பு.

அறைக்குப் போனதும் பெட்டியிலிருந்து அவளுடைய செருப்பை எடுத்து, வாசலில் தன் செருப்புக்குப் பக்கத்தில் வைத்தார்.

மத்தியானம் சாப்பாட்டு மேசையில் இரண்டு தட்டு வைத்தார்கள். மேடம் எங்கே என்று பரிமாறுபவர் விசாரிக்க, வந்ததும் தலைவலி என்று படுத்துவிட்டாள் என்றார். அடுத்த கால்மணி நேரத்தில் அறைக்குச் சூப்பும் தைலமும் வந்தன. சூப்பை அவரே குடித்தார். காலிக் கிண்ணத்தைப் பார்த்த பரிமாறுபவர், மேடத்துக்குப் பிடித்துவிட்டதே என்று இன்னும் இரண்டு கிண்ணம் கொண்டுவந்தார். அதையும் குடித்துவிட்டு, நெற்றியில் தைலத்தைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மூன்று மணிக்கு விடுதியின் நர்ஸ் வெறுங்கையோடு வந்து கதவைத் தட்டினாள். மேடத்தை ஒரு தடவை பார்க்கவேண்டும் என்றாள். அவர் திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல விழித்தார்.

“அவ... காத்து வாங்கக் கடற்கரைக்குப் போயிருக்கா.”

“செருப்பு இங்கயே இருக்கே சார்?”

“வெறுங்கால்லதான் நடப்பா.”

“தலைவலியோட, தனியாவா?” என்றவள் திரும்பிப் பார்க்காமல் ஓடினாள்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்காம். அவருடையது எட்டு மணி நேரம்கூடத் தாங்கவில்லை. அவர் மணலுக்கு வந்து சேர்வதற்குள் விடுதி ஆட்கள் அத்தனை பேரும் தேடிக்கொண்டிருந்தார்கள். கடற்கரைக் காவலாளி, சிவப்புக் கிறிஸ்துமஸ் தொப்பியோடு விசில் ஊதினான். பரிமாறுபவர் மணலில் நட்டிருந்த நிழற்குடை ஒவ்வொன்றுக்கும் அடியில் குனிந்து பார்த்தார். கிறிஸ்துமஸ் தாத்தா வேஷக்காரர் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கவிழ்த்துப்போட்ட படகுக்கு அடியில் எட்டிப் பார்த்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவருக்கு, ஊரே அந்தச் சோற்றைக் கிளறுவதைப் பார்த்துக்கொண்டு நிற்கவேண்டியிருந்தது.

என்ன உடை என்று காவலாளி கேட்டான். இதற்கு மட்டும் அவர் பொய் சொல்லவில்லை. நீலம், வெள்ளைப் புள்ளி போட்டது. அவளை வழியனுப்பியபோது உடுத்தியிருந்தது அதுதான்.

“நாங்க கூப்பிட்டா வரமாட்டாங்க சார். நீங்க கூப்பிடுங்க.”

நாலு மாதமாக அவர் அவளைக் கூப்பிடவில்லை. கடலைப் பார்த்து நின்றார்.

“இந்தாம்மா...”

அலை வந்து காலை நனைத்துவிட்டுப் போனது. “என்ன?” என்று அடுப்படியிலிருந்து உடனே வரும் அந்தக் குரல் வரவில்லை. இனி வராது என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

“தேடாதீங்கப்பா,” என்றார். “அவ செத்துப்போயிட்டா. நாலு மாசமாச்சு.”

சொல்லி முடித்ததும் மணலில் உட்கார்ந்தார். சுடுகாட்டில்கூட அழாத மனிதர் அன்றைக்கு வாய்விட்டு அழுதார். நர்ஸ் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

அழுகை அடங்கியபோது வெயில் தணிந்திருந்தது. யாரும் கோபித்துக்கொள்ளாதது அவருக்கு இன்னும் கூச்சமாக இருந்தது. உங்களையெல்லாம் கடலில் இறங்கித் தேடவைத்துவிட்டேனே என்று காவலாளியிடம் மன்னிப்புக் கேட்டார். கேட்கும்போதே பழைய பரிசோதகர் கண் அவன்மேல் போனது. அவன் கணுக்கால்கூட நனைந்திருக்கவில்லை.

“நீ தண்ணியிலயே இறங்கலையா?”

காவலாளி தொப்பியைக் கழற்றினான்.

“மேடம் ஜூன் மாசமே விடுதிக்குப் போன் பண்ணிட்டாங்க சார். ‘அவர் தனியாத்தான் வருவார், என்னை எங்கயாவது ஒளிச்சு வைப்பார், அவர் வாயால சொல்ற வரைக்கும் விடாம தேடுங்க’ன்னு சொன்னாங்க.”